இருபதுக்கு மேலே

புள்ளி வித்தியாசம் இருபதைத் தாண்டினால்
டெரன்ஸ் சேர் பெஞ்சைப் பார்ப்பார்.
"கோகி, கழற்று" என்பார்.
ஜாக்கெட்டைக் கழற்றுவேன்.
இந்த வருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பது தடவை.
சில நாள் இடைவேளைக்கே முப்பது போய்விடும்.
கினிகத்தேனைப் பிள்ளைகள் மொத்தமாய் எடுத்தது பதினொன்று,
அதில் ஆறு என் கையைத் தாண்டிப் போனவை.
யாரும் கேட்கவில்லை.
வெற்றி அவ்வளவு அகலம்,
என் பிழையெல்லாம் அதில் கால்நீட்டிப் படுத்துக்கொண்டன.

ஹட்டன் கடைகளில் எங்களுக்குப் பிளேன்டீ இலவசம்.
பிரிசில்லா ஏறினால் பஸ் கண்டக்டரே
"ஆறடி வருது, இடம் விடுங்க" என்பான்.
ருக்ஷானா பந்து தட்டும் சத்தம்
மல்லியப்புச் சந்திவரை கேட்குமாம்.
நானும் அந்த அணிதான்.
பதினான்காம் இலக்கம்.
கூட்டம் கலைகிற நேரத்தில் விளையாடுகிறவள்.

பிறகு பதுளை வந்தது,
எங்கள் ஓட்டத்தையெல்லாம் கொப்பியில் வரைந்துகொண்டு.
பன்னிரண்டில் வென்றோம்.
ஜாக்கெட்டோடே திரும்பினேன்.
அடுத்தது கண்டி.
கூரை போட்ட கோர்ட்டில் மழை படாமல் பழகியவர்கள்,
பிரிசில்லாவை இரண்டு பேர் அணைகட்டி
எழும்பவே விடவில்லை.
ஐந்து.
வேனில் அன்றைக்கு ருக்ஷானா பாடவில்லை.

எல்லோருக்கும் நொக்கவுட் கவலை.
எனக்கு வேறு கணக்கு:
இருபதுக்கு எட்டுக் குறைவு,
இருபதுக்குப் பதினைந்து குறைவு.
சொல்ல வெட்கம்தான்.
அவர்கள் தடுமாறத் தடுமாற
நான் உட்கார்ந்திருந்த பலகை நீண்டுகொண்டே போனது.

கடைசி லீக் ஆட்டம் நுவரெலியாவில்.
குதிரைப் பந்தயத் திடல் பக்கமிருந்து பனி வந்து
வளையத்தை விழுங்கும்,
கொஞ்சம் பொறுத்துத் துப்பும்.
பந்து ஈரச் சவர்க்காரம்.
நாற்பத்தேழு, நாற்பத்தாறு. இரண்டு நிமிடம் பாக்கி.
பிரிசில்லாவுக்கு ஐந்தாவது ஃபவுல்.
நடுவரை நம்பாமல் அவள் தன் விரல்களை எண்ணினாள்.

சேர் பெஞ்சைப் பார்த்தார்.
மற்ற இருவரும் காய்ச்சலில் ஹட்டனிலேயே நின்றுவிட்டார்கள்.
"கோகி."
கழற்று என்று சொல்லவில்லை.
ஸிப் பாதியில் சிக்கியது.
விசிலை வாயில் வைத்தபடி நடுவர் காத்திருந்தார்.
தலைவழியே உருவி எறிந்தேன்,
கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

ஒரு புள்ளி வித்தியாசத்தில்
கோர்ட்டுக்கு வேறு அளவு.
கோடுகள் கிட்டே கிட்டே இருந்தன.
பத்துப் பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.
அவர்களுடைய ஒன்பதாம் இலக்கம் நேரே என்மேல் வந்தாள்.
நகரத் தெரியாமல் நின்றேனா,
நகர மாட்டேன் என்று நின்றேனா,
இன்னும் தெரியாது.
இடித்தாள். விழுந்தேன்.
சீமெந்து முழங்கையைத் தின்றது.
விசில். ஃபவுல் அவள்மேல்.
ருக்ஷானா என்னைத் தூக்கி நிறுத்தி
ஒரு கெட்ட வார்த்தையை ஆசையோடு சொன்னாள்.

அதற்குப் பிறகும் தோற்றோம்.
ஓரத்திலிருந்து யாரோ எறிந்தது பனிக்குள் போனது,
பனி விலகியபோது வலையில் ஆடிக்கொண்டிருந்தது.
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

வேனில் பிரிசில்லா கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள்.
நானுஓயா தாண்டியதும் சேர் பட்டியலை வாசித்தார்,
யாரும் காது கொடுக்கவில்லை.
முழங்கையைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு
நான் இரண்டு மாலுப்பணிஸ் தின்றேன்.
பசி. அப்படியொரு பசி
இந்த வருடம் எனக்கு வந்ததேயில்லை.

சனிக்கிழமை மறுபடி கண்டி.
வேண்டிக்கொள்ளப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்.
இருபதால் வெல்லணும் என்று கேட்பதா,
ஒன்றால் என்று கேட்பதா.
கற்பூரம் எரிந்து முடிந்துவிட்டது,
ஐயர் தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஒரு மெழுகுதிரித் துண்டு கிடந்தது.
ஸிப்பின் பல் ஒவ்வொன்றிலும் தேய்த்தேன்.
இப்போது
ஒரே இழுப்பு.